உங்கள் கதையை முதன்முதலாக ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டியபோது என்ன நடந்தது?

சிறுவர் கதை எழுதுகிறவர்களும் எழுத ஆசைப்படுகிறவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கதையை ஒரு குழந்தை முதல்முறை கேட்ட அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எழுதுங்களேன். நானே தொடங்குகிறேன்.

மழைக்குப் பயப்படும் ஒரு குடையைப் பற்றி ஒரு கதை. ஆறு மாதம் எழுதி எழுதித் திருத்தியிருந்தேன். படித்த தோழிகள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். குறிப்பாக, தாத்தா குடை வந்து பயத்தை எப்படி வெல்வது என்று பேசும் பத்தியைப் பாராட்டினார்கள். எனக்கும் அதுதான் மிகவும் பிடித்த இடம்.

தங்கை மகளுக்கு அப்போது ஐந்து வயது. மடியில் உட்கார வைத்துப் படித்தேன். முதல் அரைப் பக்கம் குடை இருந்த வீட்டின் வர்ணனை. மூன்றாவது வரியிலேயே என் வளையலைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டாள். குடை பேசத் தொடங்கியதும் வளையலை விட்டாள், தாளையே பார்த்தாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்புறம் தாத்தா குடை வந்தது. பத்தியின் பாதியில் மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். கோபமோ சலிப்போ எதுவும் காட்டவில்லை. போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, "பெரியம்மா, அந்தக் குடை ராத்திரி எங்க படுத்துக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மாதமாக அந்தக் குடையோடு இருந்தும் அது எங்கே தூங்கும் என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அன்று இரவு, அவள் வளையலைச் சுழற்றிய வரிகளுக்கும் இறங்கிப் போன இடத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன். தாத்தா குடையை முழுவதுமாக எடுக்க வேண்டியிருந்தது. அழுதேன். அந்தப் பத்தியைப் பெரியவர்கள் ஏன் ரசித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது: அது பெரியவர்களுக்காக எழுதிய பத்தி.

* * *

நான் நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். கதை எழுதியதில்லை, ஆனால் உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

கிழிந்த புத்தகங்களை ஒட்டிச் சரிசெய்வதும் என் வேலைதான். பல வருடங்களாகப் பார்க்கிறேன், ஒரு புத்தகம் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி கிழிவதில்லை. கீழே வலது மூலை கசங்கி, மடிந்து, கடைசியில் கிழிந்தே வரும் பக்கங்கள் சில உண்டு. எடுத்துப் பாருங்கள், அந்தப் பக்கத்தின் கடைசி வரி கதவைத் தட்டும் சத்தமாக இருக்கும், அல்லது "அப்போது..." என்று நின்றிருக்கும். அடுத்து என்ன என்று அவசரமாகத் திருப்பியதால் வந்த கிழிசல் அது. எழுத வருகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அலமாரியில் இருக்கும் புதிய புத்தகங்களை விட்டுவிட்டு, ஒட்டுவதற்கு வைத்திருக்கும் இந்தக் குவியலைக் காட்டுவேன்.

ஒரு பையன் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போவான். வேறு ஒன்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "வேணாம், இதுல அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும்" என்றான். தெரிந்ததைப் படிப்பதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அவனுக்கு அதுதான் சந்தோஷம். அந்தக் கதையில் நாலு இடத்தில் ஒரே வரி வரும். நான் படித்துக் காட்டினால் அந்த வரியை எனக்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். குழந்தை சேர்ந்து சொல்ல உங்கள் கதையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. முயல் கதைகளால் உலகமே அறிந்த பீட்ரிக்ஸ் பாட்டர், பீட்டர் என்ற அந்த முயலை முதலில் எழுதியது ஒரு கடிதத்தில். 1893இல், உடல்நலமில்லாமல் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் படம் போட்டு அனுப்பிய கடிதம் அது. பிறகு பதிப்பாளர்கள் மறுத்தபோது, 1901இல் தன் செலவிலேயே 250 பிரதிகள் அச்சிட்டார். சின்னக் கைகளில் அடங்கும்படி புத்தகம் சிறிதாக இருக்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகராது. பெயர் தெரிந்த ஒரு குழந்தைக்கு எழுதுங்கள்.

* * *

ஓவியராக என் பங்கு.

எனக்கு வரும் கதைகளில் பாதிக்கு மேல், படம் சொல்ல வேண்டியதை வரிகளே சொல்லி முடித்திருக்கும். "மஞ்சள் சட்டையும் நீலத் தொப்பியும் அணிந்த சிறுவன், சிவப்பு வாளியுடன் படிகளில் மெதுவாக இறங்கினான்." சரி, இனி நான் என்ன வரைவது? ஒருமுறை கதையில் இல்லாத ஒரு பூனையை எல்லாப் பக்கத்திலும் ஒரு மூலையில் வரைந்துவிட்டேன். எழுத்தாளருக்கு வருத்தம். புத்தகம் வந்ததும் ஒரு வகுப்பில் படிக்க இருவரும் சேர்ந்தே போனோம். இரண்டாவது பக்கத்திலேயே ஒரு குழந்தை பூனையைப் பிடித்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று தேடியது. எழுத்தாளர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அடுத்த கதையில் எனக்காகவே இடம் விட்டு எழுதினார்.

மாரிஸ் சென்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) கிடைத்தால், முதலில் வரிகளைப் படிக்காமல் படங்களின் அளவை மட்டும் பாருங்கள். சின்னப் படமாகத் தொடங்கி, பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்து, கூத்தும் கும்மாளமும் உச்சத்துக்கு வரும்போது எழுத்தே இல்லாமல் மூன்று இரட்டைப் பக்கங்கள் வரும். எழுதியவரே வரைந்தவர் என்பதால் அவர் துணிந்து வாயை மூடிக்கொண்டார். வேறொருவர் வரையப்போகிற கதையிலும் நாம் அந்த நம்பிக்கையை வைக்கலாம்.

நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வேலை: எட்டுத் தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்துப் பின் அடியுங்கள். 32 பக்கம் வரும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த அளவுதான், ஏனென்றால் பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும்போது எட்டின், பதினாறின் மடங்குகளாகவே பக்கங்கள் கிடைக்கும். தலைப்பு, பதிப்பு விவரம் போன்றவை போனால் கதைக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு இரட்டைப் பக்கங்கள் மிஞ்சும். உங்கள் கதையை வெட்டி அதில் ஒட்டுங்கள். ஆச்சரியம் வலது பக்கத்திலேயே உடைந்துவிடுகிறதா, திருப்பிய பிறகு வருகிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். கணினித் திரையில் இது தெரியவே தெரியாது.

* * *

ஆசிரியை நான். வெட்டுவதைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் ஒரு வார்த்தை. அறிவுரையை வெட்டுங்கள், நீளத்தை வெட்டுங்கள். புரியாது என்று பயந்து நல்ல சொற்களை வெட்டாதீர்கள்.

இரண்டாம் வகுப்புக்காக நான் எழுதிய கதையில், குகைக்குள் 'அந்தகாரம்' என்று ஒரு இடத்தில் வரும். மாற்றிவிடலாம் என்றார்கள். நான் மாற்றவில்லை. படிக்கும்போது விளக்கை அணைத்தேன், குரலைத் தாழ்த்தி அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னேன். யாரும் பொருள் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒருத்தி ஓடி வந்து, "மிஸ், என் பென்சில் பாக்ஸுக்குள்ள ஒரே அந்தகாரம்!" என்றாள். அந்த வாரம் முழுக்கப் பைக்குள், மேசைக்கு அடியில், மூடிய கைக்குள் எல்லாம் அந்தகாரம்தான்.

* * *

கேள்வியைப் போட்டவள் நான். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஓவியர் சொன்னபடி எட்டுத் தாளை மடித்துச் செய்து பார்த்தேன். வர்ணனை எல்லாம் தானாகவே உதிர்ந்துவிட்டது, ஒட்ட இடமில்லை. குடை இப்போது கதவுக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்குகிறது. தன் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் கேட்டுத்தான் அதற்குப் பயமே வருகிறது. 'சொட்' என்ற சொல் நாலு பக்கங்களில் தனியாக நிற்கிறது.

நேற்று அதே மடியில் படித்தேன். முதல் 'சொட்' நான் சொன்னேன். இரண்டாவதை இருவரும் சொன்னோம். மூன்றாவதை அவளே சொன்னாள். குடை கண்ணை மூடும் பக்கம் வந்தது. படித்து முடித்து, திருப்புவதற்காக மூலையைப் பிடித்தேன். அவள் உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்:

"இரு பெரியம்மா. அது இன்னும் தூங்கல."