பதில்: ‘மாற்றுப்பொறி’ சரிதானா? – காடியில் (காரில்) ஏற்றும் எஞ்சினுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரு காடியில் ஓடிய எஞ்சினை எடுத்து இன்னொரு காடியில் போட்டால், அதற்குத் தமிழில் என்ன சொல் என்று குழுவில் கேள்வி வந்தது. ஈப்போ ஐயா ‘மாற்றுப்பொறி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கிள்ளான் தம்பி ‘ஒட்டுப்பொறி’ என்கிறார். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. காரணம் சொல்லும் முன், இந்தச் சொல் எனக்கு எங்கே தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டுக் கஞ்சில், மலேசியாவின் பெரோடுவா கம்பெனி செய்த சின்னக் காடி, 660 சிசி. நாலு பேரை ஏற்றிக்கொண்டு பினாங்கின் பாயா தெருபோங் மேட்டில் ஏறினால் ஏர்கோனை அடைத்துவிட்டு இரண்டாம் கியரில் முக்க வேண்டும். அதையும் சகித்தேன். போன மாதம் நீலப்புகை கக்க ஆரம்பித்தது. பிறையில் என் சித்தப்பா மகன் பட்டறை வைத்திருக்கிறான். கம்பிரஷன் பார்த்தான். இரண்டு சிலிண்டர் பரவாயில்லை, மூன்றாவதில் மீட்டர் முள் பாதிகூட ஏறவில்லை. “எஞ்சின இறக்கிட வேண்டியதுதான் அண்ணே” என்றான்.

வீட்டில் போய், “புது எஞ்சின் போடறாங்க” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மனைவி பட்டறைக்கே வந்துவிட்டார். தரையில் இரண்டு எஞ்சின் கிடந்தன. ஒன்று என் காடியில் இருந்து இறக்கியது, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துக் கிடந்தது. மற்றது போடப்போவது, அதைவிடக் கறுப்பு. இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இதுல எதுங்க புதுசு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ‘புது எஞ்சின்’ என்றால் பொய். ‘பழைய எஞ்சின்’ என்றால் எந்தப் பழையது? பில் எழுத உட்கார்ந்த தம்பிக்கும் இதே சிக்கல். நம் ஆட்கள் வாயில் இருப்பது ‘ஹாஃப்கட்’ (பழைய காடியை வெட்டி எஞ்சினோடு விற்கும் முன்பாதி), இல்லையென்றால் ‘துக்கார் பண்ணது’ (மலாயில் துக்கார் என்றால் மாற்று). நமக்கு வேண்டிய சொல் ஒன்றுதான்: இன்னொரு காடியில் ஓடி, இப்போது இந்தக் காடிக்குள் வரும் எஞ்சினுக்கு என்ன பெயர்?

> மாற்று எரிபொருள் என்கிறோமே, மாற்றுப்பொறி என்றால் என்ன தவறு?

ஐயா, அந்த எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. மாற்று எரிபொருள் என்றால் பெட்ரோலுக்குப் பதில் வேறு பெட்ரோல் ஊற்றுவது இல்லை, எரிபொருளின் வகையே வேறு. மாற்று வழி, மாற்று மருத்துவம் எல்லாம் இப்படித்தான். இந்தக் கணக்கில் ‘மாற்றுப்பொறி’ என்று படிப்பவர், கஞ்சிலுக்குள் மின்மோட்டார் வைக்கப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார். மாற்றுச்சாவி, மாற்றுத்துணி இருக்கின்றனவே என்பீர்கள். அவை கைவசம் கூடுதலாக வைத்திருப்பவை. கூடுதலாக ஓர் எஞ்சினை வாங்கி வைத்துக்கொள்ள என் வீட்டில் இடமும் இல்லை, அனுமதியும் இல்லை.

அதே ‘மாற்று’ பின்னால் போய் நிற்கட்டும், பொருள் மாறிவிடுகிறது: சிறுநீரக மாற்று, பணமாற்று. ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் செயல். ஆகவே செயலுக்கு ‘எஞ்சின்மாற்று’ நன்றாகப் பொருந்தும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

‘பொறி’யை ஏன் விட்டேன் என்றால், பொறியியல் கல்லூரியில் அது சரி, பட்டறையில் அது இடறும். பிளக்கைக் கழற்றி பாடியில் ஒட்டவைத்து “பொறி வருதா பாரு” என்கிறவனிடம் ‘பொறி வந்துவிட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், லாரியில் எஞ்சின் வந்ததை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஒட்டுப்பொறி இன்னும் மோசம். தோட்டக்காரர்களுக்கு அது பூச்சி பிடிக்கத் தொங்கவிடும் மஞ்சள் அட்டை. வெறும் ‘ஒட்டு’ என்றாலோ நமக்குத் தெருவோர ஒட்டுக்கடை நினைவு வந்து தேத்தாரே (இழுத்து ஆற்றிய தேநீர்) கேட்கத் தோன்றும். ஆனால் கிள்ளான் தம்பி, பாலிக் புலாவ் டுரியான் ஒட்டுக்கன்றை வைத்து நீங்கள் சொன்ன ஒன்று முக்கியம்: இனம் சேர்ந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும்.

எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். கஞ்சில் ஏறத்தாழ 700 கிலோதான். 1994இல் வந்த இந்தக் காடி, ஜப்பானின் டைஹட்சு மிராவின் வழி. அதன் 659 சிசி, பிறகு வந்த 847 சிசி, பெரோடுவா கெலிசாவின் 989 சிசி மூன்றுமே டைஹட்சுவின் ஒரே எஞ்சின் குடும்பம், மூன்று சிலிண்டர். கெலிசா எஞ்சின் அதிகம் முரண்டு பிடிக்காமல் உட்காரும். ஆனால் இஞ்செக்‌ஷன் எஞ்சின் என்றால் கார்புரேட்டர் காடிக்குப் புது பெட்ரோல் பம்ப், திரும்பிவரும் குழாய், வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் சேர்ந்து வரவேண்டும். ஹாஃப்கட்டாக வாங்குவதன் லாபமே இதுதான்: வயரை நடுவில் வெட்டாமல் முழுதாக எடுக்கலாம். மிராவின் டர்போவும் 659 சிசிதான், ஆனால் 64 குதிரைத்திறன். ‘கெய்’ எனப்படும் குட்டிக் காடிகளுக்கு ஜப்பானியக் கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொண்ட உச்ச வரம்பு அது. பையன்கள் விரும்புவது இதைத்தான். பெரோடுவாவின் இன்னொரு காடியான மைவியின் 1.3 நாலு சிலிண்டரைத் திணிப்பவர்களும் உண்டு. மூக்கு கனத்துப்போகும், எஞ்சினைப் பிடித்து நிறுத்தும் மவுண்டிங்கைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும், சின்னக் காடிக்கென்று செய்த பிரேக் திணறும், 20 வெள்ளி (ரிங்கிட்) ரோட்டெக்ஸ், அதாவது சாலை வரி, 70 ஆகும். கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான்; சருகுமானின் பெயர் வைத்த காடிக்குப் புலியின் இதயம் எதற்கு? நான் 989இல் நின்றுவிட்டேன். அதுவும் 1000 சிசிக்குள், ரோட்டெக்ஸ் அதே 20. எதைப் போட்டாலும் வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை முடித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் எஞ்சின் எண்ணைப் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டாதீர்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டதில், தம்பியின் வாயில் வந்த வினை இரண்டே இரண்டு: இறக்கு, ஏத்து. “காலைல இறக்கிட்டேன், சாயங்காலம் ஏத்திருவேன்.” சங்கிலிக் கப்பியில் எஞ்சின் தொங்கி மேலே போய் உள்ளே இறங்கும்போதுகூட அவனுக்கு அது ‘ஏத்துறது’தான். மருத்துவமனையில் ரத்தம் ஏற்றுகிறார்கள் என்று சொல்வதும் இதே வினைதான்: வேறோர் உடம்பில் ஓடியது இந்த உடம்புக்குள் போகிறது. கூடவே ‘ஏல்’ என்னும் இன்னொரு வேரிலிருந்து ‘ஏற்றுக்கொள்’ளும் வந்து காதில் ஒட்டிக்கொள்கிறது. காடி ஏற்க வேண்டுமே! ஆகவே என் முன்மொழிவு: ஏற்றெஞ்சின்.

இதற்கு இணையாக, வெளியே எடுத்ததை ‘இறக்கெஞ்சின்’ என்று எழுதிப் பார்த்தேன். அங்கே மாட்டிக்கொண்டேன். ஹாஃப்கட் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து இறக்குமதி. ‘இறக்கெஞ்சின்’ என்றால் கேட்பவருக்கு ஜப்பானிலிருந்து வந்ததுதான் தோன்றும், அதாவது உள்ளே போவது. தலைகீழ். ‘ஏற்றெஞ்சின்’ ஏற்றுமதியை நினைவூட்டாதா என்று ஈப்போ ஐயா கேட்கப்போவதும் தெரிகிறது. கொஞ்சம் நினைவூட்டும்தான். ஆனால் நம் பட்டறைகள் எஞ்சின் ஏற்றுமதி செய்வதில்லை, அதனால் பட்டறையில் யாரும் குழம்ப மாட்டார்கள். வெளியே வந்ததற்குக் கலைச்சொல் வேண்டாம், ‘கழற்றிய எஞ்சின்’ போதும். இரும்புக்கடைக்குப் போகிற சாமானுக்குப் பெயர்சூட்டு விழாவா?

பட்டறைத் தம்பியிடம் ‘ஏற்றெஞ்சின்’ என்று எழுதிக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தான். பில்லில் அவன் எழுதியது: ‘ஏத்தெஞ்சின் 989 – 1’. எனக்குச் சம்மதம்.

அப்புறம், மவுண்டிங்குக்கு யாராவது சொல் தாருங்கள். ‘தாங்கி’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது பேரிங்கோடு போய்விட்டது.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து