ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சுதந்திரமா, ரோத்தான் பிரம்பா?

கெலுகோர் அம்மா:
பாலர் பள்ளியில் தினமும் இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலை எடுத்தாலே மகன் அழுகிறான். இனி வீட்டில் கட்டாயப்படுத்துவதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம். மாமியார் கதவில் மாட்டிய ரோத்தானையும் கழற்றிவிட்டேன். அடுக்களையில் உட்கார்ந்து சிந்திய பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னில் போடுகிறான், யாரும் சொல்லாமலே. விரல் பழக இது போதாதா?

ஜெலுத்தோங் அப்பா:
ரோத்தானைக் கழற்றியது சரி, சகோதரி. ஆனால் இன்னும் ஓரிரு வருடத்தில் ஒன்றாம் ஆண்டு. அங்கே அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் இவன் விருப்பத்தை யார் கேட்பார்கள்? இப்போதே உட்கார்ந்து பழகாவிட்டால் அப்புறம் கஷ்டப்படப்போவது அவன்தான்.

கெலுகோர் அம்மா:
நம் மலேசியாவில் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வையே 2019இல் எடுத்துவிட்டார்கள் அண்ணே. 2021இல் ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வும் போய்விட்டது. ஐந்து வயதில் என்ன அவசரம்? கல்வியாளர் ஏ. எஸ். நீல் 1921இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளி இங்கிலாந்தில் இன்றும் நடக்கிறது. வகுப்புக்குப் போவதும் போகாததும் அங்கே பிள்ளையின் இஷ்டம்.

ஜெலுத்தோங் அப்பா:
அது கட்டணம் கட்டிச் சேர்க்கும் பள்ளி. நம் பிள்ளை பின்தங்கினால் டியூஷனுக்கு நாம்தான் கடன் வாங்க வேண்டும். தேர்வு போனாலும் படிக்கத் தெரிய வேண்டுமே! காசுள்ளவர்களுக்கு ஒத்துவரும் சுதந்திரம் நமக்கு ஒத்துவராது.

பாலர் பள்ளி டீச்சர்:
சம்மர்ஹில்லில் விதிகள் நிறையவே உண்டு. பள்ளிக் கூட்டத்தில் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. விதியை அங்கேதான் போடுகிறார்கள். மொண்டிசோரி கல்வி முறையிலும் எந்தப் பொருளை எடுப்பது என்பது பிள்ளையின் விருப்பம், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது விதி. நான் உப்புத்தாளில் ‘அ’, ‘ட’ வெட்டி ஒட்டி, விரலால் தடவ விடுகிறேன். சொரசொரப்பு பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பத் தடவுவார்கள். பென்சில் அப்புறம்தான். ஆனால் ஒருவன் இன்னொருவனைக் கடித்தால் உடனே பிடித்து நிறுத்துவேன். அங்கே இஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜெலுத்தோங் அப்பா:
அப்படியென்றால் கட்டுப்பாடு வேண்டும் என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்?

பாலர் பள்ளி டீச்சர்:
ஆமாம். ரோட்டில் கையைப் பிடிக்க வேண்டும், யாரையும் அடிக்கக் கூடாது. இரண்டு பக்கம் எழுதுவதை அதோடு சேர்க்காதீர்கள். அம்மா, நீங்கள் வீட்டில் மட்டும் விட்டால் போதாது. எழுதாமல் போகிற பிள்ளை தன் பாலர் பள்ளியில் ஏச்சு வாங்குவான். முதலில் அவன் ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள்.

கெலுகோர் அம்மா:
திங்கட்கிழமை போகிறேன் டீச்சர். உப்புத்தாள் எழுத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டே போகிறேன்.