சிறுமலை ஞாயிறு: காரைக்குடி மிதிவண்டிக் குழு

அட்மின் (இரவு 8:04): ஞாயிறு திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை உறுதி. அதிகாலை 3:30க்கு மினி லாரியில சைக்கிள் ஏத்துறோம். நத்தத்துல இறக்கி அங்கேருந்து மிதிக்கிறோம். ஏத்தும்போது செயின் பக்கத்தை அடுத்த வண்டி மேல சாய்க்காதீங்க. வண்டிங்களுக்கு நடுவுல வைக்க ஆளுக்கொரு பழைய போர்வை கொண்டாங்க.

தேவகோட்டை தம்பி (8:09): அண்ணே, 18 கொண்டை ஊசி வளைவு. என் வண்டியில முன்னாடி பல்சக்கரத்துல 34 பல்லு, பின்னாடி பெரிய பல்லுல (பெரிய பல்சக்கரத்துல) 28. ஏறுமா?

கடை அண்ணன் (8:15): ஏறும், முட்டிதான் பேசும். 34க்கு 28னா மிதி ஒரு சுத்துக்கு வண்டி 2.5 மீட்டர் போகுது. நிமிஷத்துக்கு 60 சுத்துன்னா மணிக்கு 9 கிலோமீட்டர். ஏத்தத்துல அந்த வேகம் நிக்கலேன்னா சுத்து 45க்கு விழுந்துடும். பின்னாடி 32 போட்டா அதே 60 சுத்துக்கு 8 போதும். ஆனா உன் டீரெய்லர் (செயினைப் பல்லு மாத்துற கை) 32 தாங்குமான்னு பார்க்கணும், செயினும் நீளம் பத்தாம போகலாம்.

தேவகோட்டை தம்பி (8:16): நீளம் எப்படிப் பார்க்கிறது?

கடை அண்ணன் (8:19): டீரெய்லருக்குள்ள விடாம, முன் பெரிய பல்லுலயும் பின் பெரிய பல்லுலயும் செயினைச் சுத்து. முனை சேர்ற இடத்துக்கு மேல 2 கண்ணி கூட வை. அதுக்குக் குறைஞ்சா, பெருசுக்குப் பெருசு போட்ட நிமிஷம் டீரெய்லர் பிச்சுக்கும்.

கடை அண்ணன் (8:24): இது எல்லாருக்கும். நம்ம ஊர் சமதளம். பின்னாடி பெரிய பல்லை வருஷத்துல ஒரு தடவை கூடத் தொடாதவங்கதான் பாதிப் பேர். மலையில முதல் தடவையா அதுக்கு மாத்தும்போது செயின் பல்லைத் தாண்டி போக்ஸ் கம்பிக்குள்ள விழும். வண்டி எப்பவோ வலப்பக்கம் சாஞ்சு விழுந்திருந்தா ஹேங்கர் (டீரெய்லரைத் தாங்குற துண்டு) உள்ளே வளைஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கே பின்சக்கரத்தைத் தூக்கி, கையால மிதியைச் சுத்தி, பெரிய பல்லுக்கு மாத்துங்க. டீரெய்லரை விரலால உள்பக்கம் தள்ளிப் பாருங்க. கம்பியைத் தொட்டா எல் ஸ்க்ரூவை (டீரெய்லர் உள்ளே போறதைத் தடுக்கிற, L போட்ட திருகு) கால் சுத்து இறுக்குங்க, திரும்பத் தள்ளிப் பாருங்க. தொடுறது நிக்கிற வரைக்கும் இதேதான்.

பள்ளத்தூர் அக்கா (8:31): செயின் தேய்மானத்தையும் அளந்துடுங்க. ஸ்கேலைச் செயினோட ஒரு முள்ளு (கண்ணியைக் கோக்குற பின்) மேல வச்சா 24 முள்ளுக்கு 12 அங்குலம் சரியா வரணும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தா மாத்துற நேரம். எட்டில் ஒண்ணுன்னா பல்லும் போயிருக்கும், செயினை மட்டும் மாத்தினா நழுவும்.

கோட்டையூர் மாமா (8:40): ஏறுறது கிடக்கட்டும்மா. இறங்குறதைச் சொல்லுங்க.

கடை அண்ணன் (8:47): வாங்க மாமா, அதுதான் விஷயம். ரிம் பிரேக் வச்சவங்க மேலேருந்து கீழ வரைக்கும் அமுக்கிக்கிட்டே வரக்கூடாது. ரிம் சுட்டு, உள்ள காத்து விரிஞ்சு, பஞ்சர் ஒட்டின இடம் இளகிடும். வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டிலேயே ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சிட்டு, வளைவுல விட்டுடுங்க. ஒட்டுப் போட்ட டியூப் இருந்தா சனிக்கிழமையே மாத்திடுங்க. கேபிள் இழுக்கிற டிஸ்க் பிரேக்குல பல வண்டிக்கு ஒரு பக்கப் பிரேக் கட்டைதான் நகரும். தேய்ஞ்சதும் நகராத பக்கத்துக் கட்டையோட திருகைச் சுத்தி உள்ளே தள்ளணும். கேபிளை மட்டும் இழுத்துக்கிட்டே போனா லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுடும். செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க் மேல ஒரு சொட்டு பட்டாலும் கட்டை கிரீச்சுனு கத்தும், பிடிக்காது.

பள்ளத்தூர் அக்கா (8:52): இடப்பக்க வளைவு உள்ளோரம் ரொம்பச் செங்குத்து. ஏறும்போது கொஞ்சம் வெளியே தள்ளி மிதிங்க, நடுக்கோட்டைத் தாண்டாம. இறங்கும்போது வளைவுக்கு வெளிப்பக்க மிதி கீழ இருக்கணும். காலையில நிழல்ல பாசியும் ஈரச் சருகும் கிடக்கும். பஸ் ஏறி வந்தா முழு வளைவையும் எடுத்துக்கும், ஓரமா நின்னுடுங்க. காட்டுமாடு கண்ணுல பட்டா போன் எடுக்காதீங்க, அது போகட்டும்.

தேவகோட்டை தம்பி (8:55): காத்து எவ்வளவுக்கா?

பள்ளத்தூர் அக்கா (8:57): 28 மில்லிமீட்டர் அகல டயர், 70 கிலோ ஆளுக்கு 80 பி.எஸ்.ஐ. போதும். ஈரம்னா 5 குறைச்சுக்க. 100 அடிச்சா வளைவுல துள்ளும்.

கோட்டையூர் மாமா (9:03): கருவேல முள்ளை மறந்துட்டீங்க. பஞ்சரானா புது டியூபைப் போடுறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கத்தைத் துணியால ஒரு சுத்து தடவணும். விரலால வேண்டாம். முறிஞ்ச முனை உள்ளயே இருந்தா ரெண்டாவது டியூபும் அஞ்சு நிமிஷம்தான். ஆளுக்கு 2 டியூப்.

அட்மின் (9:10): நத்தம் ரோட்டுல பழனி பாதயாத்திரைக்காரங்க மார்கழியிலேயே நடப்பாங்க. நகரத்தார் காவடியும் தைப்பூசத்துக்கு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாத்தான் போகும். வெறுங்காலோட இருட்டுல நடக்கிறவங்க. முன் லைட்டைக் கீழ பார்த்து வைங்க, 50 மீட்டருக்கு முன்னாடியே மணி அடிங்க, ஒத்தை வரிசையில வாங்க. 6, 12, 18ஆம் வளைவுல நின்னு ஆளை எண்ணிட்டுத்தான் கிளம்பணும்.

பள்ளத்தூர் அக்கா (9:14): இட்லி பொடி தடவி இலையில கட்டி எடுத்துடுறேன், ஆளுக்கு 4. வடை கிடையாது, ஏத்தத்துல நெஞ்சைக் கரிக்கும். 750 மில்லி பாட்டில் 2, ஒண்ணுல ஓ.ஆர்.எஸ். கடலை மிட்டாய் 45 நிமிஷத்துக்கு ஒண்ணு, பசிக்கும் முன்னாடி. புவிசார் குறியீடு வாங்கின சிறுமலை வாழைப்பழம் மேல கிடைக்கும்.

கோட்டையூர் மாமா (9:17): ரெண்டு செய்தித்தாளும் எடுங்க. உச்சியில வேர்வைச் சட்டையோட இறங்கினா குளிர் நெஞ்சுல அடிக்கும். தாளைச் சட்டைக்குள்ள செருகினா காத்து தடுக்கும்.

தேவகோட்டை தம்பி (9:20): அண்ணே, பெரிய பல்லுக்கு மாத்திப் பார்த்தேன். கம்பியில டிக் டிக்னு சத்தம்.

கடை அண்ணன் (9:21): சுத்தாதே. அப்படியே நாளைக்குக் கடைக்குத் தள்ளிக்கிட்டு வா.