சிங்கப்பூர் – நியூயார்க்: அம்மாவை நேர் விமானத்தில் அனுப்பலாமா?

வணக்கம். எங்களோடு சிங்கப்பூரில் இருக்கும் அம்மா அடுத்த மாதம் நியூயார்க்கில் தங்கை வீட்டுக்குப் போகிறார். வயது 71, சர்க்கரை உண்டு, தனிப் பயணம்.

சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையம் சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேர் விமானத்தில் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் சாதாரண எக்கானமி இருக்கையே கிடையாது, அதனால் செலவும் கூடுதல். ஃப்ராங்ஃபர்ட் வழியாகப் போனால் முதலில் 13 மணி நேரம், அங்கே காத்திருப்பு, அப்புறம் எட்டு மணி நேரத்துக்கு மேல். மொத்தத்தில் ஒரு நாள் போய்விடும். ஆனால் நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அந்த இறங்கி ஏறும் அலைச்சல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வயதானவர்களை இப்படி அனுப்பியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கால் வீக்கத்துக்கு என்ன செய்தீர்கள்? கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் நேரப்படி போட்டார்கள்? டாக்டரிடமும் கேட்கப் போகிறேன், ஆனாலும் போய் வந்தவர்களின் அனுபவம் தெரிந்தால் தைரியமாக டிக்கெட் போடுவேன். இந்த வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.