காயலான் கடை ஸ்டியரிங்கை வீட்டு கம்ப்யூட்டரில் மாட்டிய கதை (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

ஒரு மாலில் கேம் சென்டரைக் காலி செய்தபோது அங்கிருந்த கார் ரேஸ் மெஷினைப் பிரித்துக் காயலான் கடையில் போட்டிருந்தார்கள். திரை உடைந்திருந்தது, போர்டைக் காணோம், ஸ்டியரிங்கும் அது உட்கார்ந்திருந்த இரும்புச் சட்டமும் மட்டும் முழுசாக இருந்தன. கடைக்காரர் தராசில் வைத்து இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

பின்மூடியைக் கழற்றினால் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவ்வளவு பெரிய ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பது பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு மாதிரி ஒரு 5 கிலோ ஓம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர், திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகம்). மூன்று கால், மூன்று வயர். ஓரத்துக் கால்கள் இரண்டில் ஒன்றுக்கு 5 வோல்ட், மற்றதுக்கு கிரவுண்டு, நடுக்காலை ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டின் அனலாக் முனையில் கொடுத்தால் போதும். கார் தலைகீழாகத் திரும்பினால் ஓரத்து வயர்களை மாற்றிப்போடுங்கள். ஆனால் அதில் ஊனோ ரகத்தை வாங்கிவிடாதீர்கள். லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வாங்குங்கள், அவற்றில் உள்ள ஏடிமெகா32யு4 சிப் நேரடியாக யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காக வேலை செய்யும். 0 முதல் 1023 வரை எண் வரும், ஸ்டியரிங் 270 டிகிரி திரும்புகிறது, அதாவது ஒரு எண்ணுக்குக் கால் டிகிரி சொச்சம். 1986இல் வந்த அவுட்ரன் மாதிரி ஆட்டங்களுக்கு அது தாராளம்.

ஒரே மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நேர் ரோட்டில் கார் தலையை ஆட்டிக்கொண்டே போனது. வளைவில் திருப்பினால் ஒழுங்காக இருக்கிறது, நேராகப் பிடித்தால் நடுங்குகிறது. எண்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் வந்தவர்கள் எல்லாரும் அதிக நேரம் ஸ்டியரிங்கை நடுவில்தானே பிடித்திருப்பார்கள்? பாட்டுக்குள் இருக்கும் கரிப்பட்டை அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துபோயிருந்தது.

சரி, புதுசு வாங்கலாம் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் 5கே பாட் கேட்டேன், கொடுத்தார்கள், நானும் பார்க்காமல் வாங்கி வந்து மாட்டினேன். ஸ்டியரிங் நேராக நிற்கும்போதே கார் இடதுபக்கம் ஒடித்துக்கொண்டு போய்ச் சுவரில் இடிக்கிறது! நடுவில் 512 பக்கம் வரவேண்டிய எண் 150 காட்டுகிறது. அரை நாள் புரோகிராமைத் திட்டிவிட்டுக் கடைசியில் பாட்டின் முதுகைப் பார்த்தால் ஏ5கே என்று போட்டிருக்கிறது. ஏ என்றால் ஆடியோவுக்கானது, முதல் பாதித் திருப்பலில் கொஞ்சம்தான் ஏறும், மிச்சமெல்லாம் இரண்டாம் பாதியில். நமக்கு வேண்டியது சீராக ஏறும் பி5கே. தப்பு என்னுடையதுதான், எழுத்தைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, மேம் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம்) வைத்து ஆடுகிறவர்கள் டெட்சோன் அளவை, அதாவது நடுவில் எவ்வளவு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற செட்டிங்கை, முதல் வேலையாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஸ்டியரிங் செத்த மாதிரி இருக்கும், நீங்கள் வயரைச் சந்தேகப்படுவீர்கள்.

*

அண்ணே, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். எனக்குக் கிடைத்தது முட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பழைய ரக ஸ்டியரிங், எண்பதுகளில் வந்த போல் பொசிஷன், சூப்பர் ஸ்பிரின்ட் காலத்துச் சமாச்சாரம். அதில் பாட் கிடையாது, பல்லுப் பல்லாக வெட்டிய ஒரு வட்டும் இரண்டு ஒளி சென்சார்களும்தான். எந்த சென்சார் முதலில் மறைகிறது என்பதை வைத்து இடமா வலமா என்று தெரிந்துகொள்ளும். பழைய உருண்டை மவுஸுக்குள்ளும் இதேதான் என்பதால் சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கெல்லாம் அலையாமல் வீட்டில் கிடந்த மவுஸின் போர்டையே எடுத்து அந்த வட்டை நடுவில் ஓடவிட்டேன். கம்ப்யூட்டருக்கு அது மவுஸ், ஆட்டத்துக்கு ஸ்டியரிங்.

கூத்து என்னவென்றால், தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஸ்டியரிங் வேலை செய்யாது. சூடாகிறதோ என்று ஃபேன் எல்லாம் வைத்தேன். கடைசியில் பார்த்தால் மேற்கு ஜன்னல் வெயில் நேராக சென்சார்மேல் விழுகிறது, வெயிலில் அகச்சிவப்பு இருக்கிறதே, வட்டின் பல் மறைத்தாலும் சென்சாருக்கு வெளிச்சம்தான். பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி மூடினேன், இன்றுவரை அந்த அட்டைதான்.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன். தானாக நடுவுக்கு இழுக்கும் மோட்டாரோடு ஸ்டியரிங் கிடைத்தால், முதலாவது நண்பர் செய்தது போல மடியில் வைத்துக்கொண்டு மட்டும் சோதிக்காதீர்கள். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பிடிஎஸ்7960 டிரைவர் போர்டு போட்டு என்னுடையதை ஓட்டினேன். மோட்டார் வயர் இரண்டும் மாறிவிட்டது. நடுவுக்கு இழுக்க வேண்டிய ஸ்டியரிங் நடுவைவிட்டு இம்மி நகர்ந்ததுமே அந்தப் பக்கமே இன்னும் வேகமாகத் தள்ளி, முட்டும் வரை போய் அடித்தது. கட்டைவிரல் ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பிக்குள் இருந்தது. பத்து நாள் வலதுகையால் சாப்பிட முடியவில்லை.

*

முதலாவது நண்பர்தான். தம்பி, மடியில் வைத்தது ஆட்டோவில் மட்டும்! உங்கள் விரல் எப்படி இருக்கிறது? இப்போது பாட்டையே தூக்கிவிட்டு ஏஎஸ்5600 காந்த சென்சார் போட்டிருக்கிறேன், தண்டின் நுனியில் சின்னக் காந்தம், தேய்வதற்கு ஒன்றுமில்லை. பையன் இதை வைத்து யூரோ டிரக் என்ற லாரி ஓட்டும் ஆட்டத்தில் நம்மூர் பஸ் ஓட்டுகிறான். 900 டிகிரி வேண்டிய இடத்தில் 270தான் இருக்கிறது, லேசாகத் தொட்டால் பஸ் லேன் மாறுகிறது. அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். இனி பெடலைப் பார்க்க வேண்டும், அதில் ஸ்பிரிங் போயிருக்கிறது.