மாநிலம் முழுக்கத் தொல்லியல் பதிவேடு: பட்டா நிலத்தையும் சேர்க்கலாமா?

செம்மண்:
அரிட்டாபட்டியிலிருந்து தொடங்குகிறேன். தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் உள்ள மதுரைப் பக்கத்து மலை. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மேலூர் வட்டாரமே திரண்டு நின்றதால் 2025 ஜனவரியில் ரத்தானது. எல்லா ஊருக்கும் இப்படித் திரள முடியுமா?

மத்தியத் தொல்லியல் துறை தமிழகத்தில் காக்கும் சின்னங்கள் 400-க்குச் சற்று மேல். 1966-ஆம் ஆண்டு மாநிலத் தொல்சின்னச் சட்டப்படி மாநிலம் காப்பவை நூறை ஒட்டி. அதற்கு வெளியே பழங்கால ஈமக் கல்வட்டங்கள் எத்தனை, நடுகற்கள் எத்தனை, இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்த தாழிக்காடுகள் எத்தனை! கிரஷருக்குக் கல் எடுப்பவருக்குக் கல்வட்டமும் கல்தான். அப்படியில்லை என்று சொல்ல ஒரு காகிதமும் கிடையாது. மாவட்டம் மாவட்டமாகக் கள ஆய்வு செய்து, கிடைக்கிற ஒவ்வொரு இடத்தையும் சர்வே எண்ணோடு வருவாய்ப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். புறம்போக்கு, பட்டா இரண்டையும்தான். குவாரிக் குத்தகை, மனைப் பிரிவு, சாலை என்று எதற்கு விண்ணப்பம் வந்தாலும் அந்த எண் தாலுகா அலுவலகத்திலேயே கண்ணில் பட வேண்டும்.

மேலவீதி:
எங்கள் வீடு மத்தியப் பட்டியலில் உள்ள ஒரு கோயிலின் மதிலிலிருந்து 60 மீட்டர். மத்தியத் தொல்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தப்படி முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். தாத்தா கட்டிய வீடு. தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் மாடியில் ஒரு அறை எடுக்க வழியில்லை, வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். ஒழுகுகிற கூரையை மாற்றவே மனு எழுதி அலைந்தோம். அந்தக் கோயில் தேரை இழுப்பவர்களே நாங்கள்தான். 400 இடத்துக்கே இந்தப் பாடு என்றால், நீங்கள் கேட்கிற ஆயிரக்கணக்கான இடங்களைச் சுற்றி இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

செம்மண்:
உங்கள் தம்பிக்கு நடந்தது அநியாயம், அதை மறுக்கவில்லை. பெரிய ராஜகோபுரத்துக்கும் வயலோரத்து ஒற்றைக் கோயிலுக்கும் ஒரே 100 மீட்டர் என்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித் துணை விதிகள் வேண்டும் என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. அவை வேகமாக வந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் தடை கேட்கவில்லை. தோண்டும் முன் விவரம் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்க்கட்டும் என்கிறேன்.

திருப்பணி அன்பன்:
கோயில்களை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அறநிலையத் துறையின் கீழ் 36,000-க்கும் மேல் இருக்கின்றன. பூஜை நடக்கிற இடத்தில் கூரை ஒழுகினால் வல்லுநர் குழு வரும்வரை காத்திருக்க முடியாது. 12 வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்து வந்ததால்தான் இத்தனை கோயில்கள் நிற்கின்றன. சுத்தம் செய்ய மணலை வீசி அடித்ததில் கல் தேய்ந்தது உண்மை, அதை இப்போது நாங்களே எதிர்க்கிறோம்.

செம்மண்:
கல்வெட்டை மை ஒற்றிப் படி எடுக்க ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போனேன். சுவரடியில் குமுதம் எனப்படும் கல் வரிசையில் இருந்த சோழர் காலக் கல்வெட்டின் கீழ்வரிகள் புதுத் தளத்துக்குள் போயிருந்தன. பக்தர்கள் வெறுங்காலோடு நடக்க வசதியாக என்று தளத்தை ஒரு அடி உயர்த்தியிருக்கிறார்கள், நல்ல மனதோடுதான். எந்த நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள், எல்லை எது என்ற வரிகளெல்லாம் அந்த அடியில். வேலை தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கிப் படி எடுத்திருந்தாலே போதும். திருப்பணிக்கு அந்த ஒரு நாள் பெரிய தடையா ஐயா?

திருப்பணி அன்பன்:
ஒரு நாள் என்றால் தடையில்லை. ஒரு வருடம் ஆகிவிடும் என்றுதான் பயம்.

தென்னந்தோப்பு:
பட்டா என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள் அண்ணே. எங்கள் தோப்பில் வாய்க்கால் வெட்டும்போது தாழி விளிம்பு தெரிந்தது. எங்கள் அப்பா அன்றைக்கே மண் தள்ளி மூடச் சொல்லிவிட்டார். வெளியே தெரிந்தால் நிலம் போய்விடும் என்ற பயம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனது வரவில்லை, மூன்று பெண்களுக்குக் கல்யாணம் பண்ணியது அந்தத் தோப்பை வைத்துத்தான்.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்பையும், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகவும் தரும். தங்கக் காசுக்கு அது சரி. உடைந்த பானைக்கு என்ன மதிப்புப் போடுவார்கள்? நிலத்துக்காரனுக்குக் கையில் ஒன்றும் வராது, பதிவேட்டில் மட்டும் ஒரு குறி விழும். அப்புறம் வங்கி அந்த நிலத்தின் பேரில் கடன் தருமா? நீங்கள் கணக்கெடுக்க வருகிறீர்கள் என்று தெரிந்தாலே முதல்நாள் ராத்திரி ஜேசிபி ஓடும். காப்பாற்ற நினைப்பதே அழிவுக்குக் காரணமாகிவிடும்.

கீழடியில் விவசாயிகள் நிலம் கொடுத்தார்கள். குழி போட்டு ஆய்வு முடித்து மூடிக் கொடுத்தார்கள். அந்த மாதிரி என்றால் நானும் கொடுப்பேன்.

மேலவீதி:
தோப்புக்காரர் சரியாகச் சொன்னார். செம்மண், உங்கள் அரிட்டாபட்டி உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. பல்லுயிர்த் தலம் அந்தச் சுரங்கப் பரப்புக்குள் வருகிறது என்பது ஏலத்துக்கு முன்பே அரசுத் தாள்களில் இருந்தது. எழுதி வைத்ததால் ஏலம் நின்றதா? பாரம்பரியச் சின்னங்களைக் காக்க ஆணையம் அமைக்கும் மாநிலச் சட்டமும் 2012-இலேயே நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. காகிதத்தை நம்பி எங்கள் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றாதீர்கள்.

செம்மண்:
இது கனமான கேள்வி. அந்த 2,000-இல் எழுத்தில் இருந்தது பல்லுயிர்த் தலத்தின் 193 ஹெக்டேர்தான். மீதியில் இருந்த மலைகள், குகைகள், கோயில்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வாதாடியது ஊர்க்காரர்கள்தான். தெரிந்தும் ஏலம் விட முடிந்தது என்பதால், அந்த எண் உள்ள இடத்தை விவரம் தெரிந்தவர் பார்க்காமல் தரும் அனுமதி செல்லாது என்ற சட்ட பலமும் பதிவேட்டுக்கு வேண்டும்.

தோப்புக்காரரிடம் நான் தோற்றுவிட்டேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. பட்டா நிலத்தைப் பொறுத்தவரை என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். நிலம் உரிமையாளரிடமே இருக்கும், ஆய்வு முடிந்ததும் குழியை மூடித் தருவோம், அந்தப் பருவத்து விளைச்சல் இழப்பை அரசு கட்டும் என்பவை முதலில் சட்டத்தில் ஏறட்டும். கணக்கெடுப்பு அதற்குப் பிறகு. புறம்போக்கு மலைகளுக்கும் பாறைகளுக்கும் காத்திருக்கத் தேவையில்லை, குவாரி அங்கேதான் முதலில் வருகிறது.

மேலவீதி:
புறம்போக்குக்கு ஒத்துக்கொள்கிறேன். குடியிருக்கிற தெருவுக்கு, துணை விதி வரும்வரை, மாட்டேன்.

தென்னந்தோப்பு:
அண்ணே, அப்பா இப்போது இல்லை. அம்மாவிடம் கேட்டேன், வந்து பார்க்கட்டும் என்றார். ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

செம்மண்:
வருகிறேன் தம்பி. மண்வெட்டி எதுவும் எடுத்து வர மாட்டேன். மேலே கிடக்கிற ஓடுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுகிறேன். தாழி எந்த இடத்தில் தெரிந்தது என்று அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.