புதுப்பிப்பு: வான்தற்காப்பு இழையில் எது தலைப்புக்கு உட்பட்டது?

சிங்கப்பூர் போன்ற சிறு தீவு ஏவுகணைத் தாக்குதலை எவ்வாறு எதிர்கொள்ளும் என்று நான் தொடங்கிய உரையாடல் இழையில், உக்ரேனைப் பற்றி எழுதிய அன்பரைத் தலைப்பை விட்டு விலகுகிறார் என்று சிலர் கண்டிக்க, பேச்சு சச்சரவாக மாறியது. இரு தரப்பையும் முழுமையாகப் படித்தபின் என் கருத்தைக் கூறுகிறேன்.

அவர் எழுதியது தலைப்புக்கு உட்பட்டதே. நம் ஆகாயப் படைக்கு வாங்கப்போவதாகத் தற்காப்பு அமைச்சு 2013இல் அறிவித்த ஆஸ்டர் 30 ஏவுகணையைத்தான், பிரான்சும் இத்தாலியும் 2023இல் உக்ரேனுக்கு வழங்கிய சாம்ப்-டி வான்தற்காப்பு அமைப்பும் ஏவுகிறது. அது உண்மைப் போரில் எவ்வாறு செயல்படுகிறது என்பது, கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரே நீளும், பின்வாங்க இடமற்ற நம் தீவுக்கு மிகவும் தேவையான செய்தி. நம் ஆகாயப் படை பயன்படுத்தும், இஸ்ரேலியத் தயாரிப்பான ஸ்பைடர் வான்தற்காப்பு ஏவுகணை அமைப்பின் திறன் குறித்தும் தாராளமாக எழுதலாம்.

ஆனால், எந்த நாட்டின் பக்கம் நியாயம் என்ற வாதமும், ஒருவரது பூர்விகத்தைச் சுட்டும் ஏச்சும் இங்கே வேண்டாம். மலிவான டிரோன்களை விலைமிகுந்த ஏவுகணைகளால் வீழ்த்துவது எத்தனை நாள் தாங்கும் என்று தேசிய சேவையாளர் ஒருவர் கேட்ட அருமையான கேள்வி அந்தச் சச்சரவில் பதிலின்றி நிற்கிறது. அறிந்தவர்கள் அதிலிருந்து தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்.